முன்னாடியே சொல்லிடறேன், டீச்சர்

வேப்பம்பட்டில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரர் கடப்பாரையோடு எங்கள் கேட்டில் வந்து நின்றார். அதுவரை அவரோடு தலையசைப்பு மட்டும்தான். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர், ஐம்பதை எட்டிக்கொண்டிருப்பவர், காலை ரயிலில் ஏறிப் புட்லூரில் இறங்குபவர் என்ற அளவில் தெரியும். நான் திருவள்ளூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்பது அவருக்கும் அதே ரயிலில் தெரிந்திருக்க வேண்டும்.

"டீச்சர், முன்னாடியே சொல்லிடறேன். நான் ஒரு நாவ மரம் வெக்கப் போறேன்" என்றார்.

வையுங்களேன் என்றேன். தன் வீட்டில் மரம் வைக்க யாராவது பக்கத்து வீட்டில் கேட்பார்களா?

"முழுசா கேட்டுக்குங்க. உங்க காம்பவுண்டுலேர்ந்து எட்டடி தள்ளி வெக்கறேன். அதுக்கு மேல எங்கிட்ட எடமில்ல. அஞ்சாறு வருசத்துல வேரு உங்க சொவத்தாண்ட வந்துடும். எல கொட்டும், உங்க பக்கமும் கொட்டும். பூ வுட்டா தேனீ வரும். காச்சா வவ்வாலு வரும். அது துன்னுட்டு கொட்டைய உங்க சொவத்துலதான் துப்பும். பழம் காரு மேல வுழுந்தா ஊதாக் கறை, லேசுல போவாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

என் கணவர் செய்தித்தாளோடு வெளியே வந்தார். "எங்ககிட்ட கார் இல்லையே சார்" என்றார்.

"வாங்குவீங்க சார்."

"இவ்வளவு தொல்லைன்னு தெரிஞ்சுகிட்டு எதுக்கு வைக்கிறீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "பூ நல்லா இருக்கும் சார்" என்றார்.

இப்போது அந்த வீட்டில் வேறு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவரும் அக்காவும் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசிக்கொள்கிறோம். நாங்கள் கார் வாங்கினோம். கறையும் பட்டது.

அந்தக் கன்றை அவர் வாங்கிய கதையை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நர்சரியில் ஒவ்வொரு செடியாகக் காட்டி, இதில் என்ன குறை என்று கேட்டிருக்கிறார். எங்கிருந்தோ வந்த பூமரங்கள் வரிசையாக இருந்தன. சிவப்பாகப் பூப்பது, மஞ்சளாகப் பூப்பது, வருடம் பூராவும் பூப்பது. எதற்கும் ஒரு குறையும் இல்லை என்றார் நர்சரிக்காரர். மூலையில் இருந்த நாவல் ஒட்டுக்கன்றைக் காட்டியபோது மட்டும், "அது நம்ம ஊரு மரம் சார், நல்லா வரும், ஆனா சின்ன மனைக்கு ஆவாது" என்று குறைகளை வரிசையாகச் சொன்னாராம். இவர் உடனே, "இதான் குடுங்க" என்று சொல்லிவிட்டார்.

நல்ல மண் இல்லை எங்கள் மனைகளில். ஏரியோரத்துப் பள்ளத்தைச் செங்கல் உடைசலும் கிராவலும் போட்டு மேடாக்கிப் பிரித்து விற்ற இடம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்று டேப் வைத்து அளந்து குழி தோண்டினார். தோண்டிய உடைசலை வெளியே கொட்டி, செம்மண்ணும் மக்கிய சாணியும் நிரப்பி, பத்து நாள் ஆறப்போட்டு, ஆடி மழைக்குப் பிறகு கன்றை வைத்தார். மூங்கில் நட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இளக்கமாகக் கட்டினார். இரண்டாம் வருடம் கன்று அவர் நெஞ்சுயரம் வந்து தளதளவென்று நின்றபோது, ஒரு நாள் அதன் நுனியை வெட்டிவிட்டார். எனக்கு மனசு பதறிப்போனது.

"மேலயே போயிக்கினு இருந்தா பழம் காக்காவுக்குத்தான் டீச்சர். அகலமா வரட்டும். கைக்கு எட்டணும்" என்றார்.

தனக்குத் தெரிந்த கெட்ட செய்தியை, அது நடப்பதற்கு முன்பே அடுத்தவரிடம் சொல்லிவிட வேண்டும் அவருக்கு. பழைய ஸ்கூட்டரை விற்றபோது வாங்க வந்தவனை உட்காரவைத்து, மழையில் ஸ்டார்ட் ஆகாது, பின்பிரேக் சரியில்லை, சீட்டுக்கடியில் ஒருமுறை எலி குட்டி போட்டது என்றெல்லாம் சொன்னார். வந்தவன் எழுந்து போய்விட்டான். இப்படி நான்கு பேர் போனார்கள்.

மகளைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வந்தவர்களிடமும் அதே கதைதான். பஜ்ஜியும் காப்பியும் கொடுத்து எல்லாரும் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, "முன்னாடியே சொல்லிடறேன்" என்று இவர் ஆரம்பித்திருக்கிறார். பொண்ணு எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருக்காது, ரசம் தவிர எதுவும் வைக்கத் தெரியாது, கோபம் வந்தால் இரண்டு நாள் பேசாது. உள்ளே இருந்த பெண் கதவை அறைந்து சாத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. வந்தவர்கள் பிறகு சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள்.

"பெத்த பொண்ண இப்டி ஏலம் வுட்டா எவன் டீச்சர் கட்டுவான்?" என்று அக்கா என்னிடம் வந்து அழுதாள். அடுத்த வரன் மாதவரத்திலிருந்து வந்தது. அங்கேயும் இவர் விடவில்லை. ஆனால் அந்தப் பையனின் அம்மா வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "எம்புள்ளையும் எட்டு மணிக்குத்தான் எய்ந்திருப்பான். ரெண்டும் ஒண்ணாவே தூங்கட்டும்" என்றாள். அந்தக் கல்யாணம்தான் நடந்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நமக்கே வரும்போது சிரிப்பு வராது. ஒரு தை மாதம் என் கணவருக்கு இருமல் நிற்காமல் இருந்தது. பனி, தூசி என்று நாங்கள் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தோம். இவர் மதில் மேல் கையை வைத்துக்கொண்டு, "டீச்சர், முன்னாடியே சொல்லிடறேன். சாரோட இருமல் சரியில்ல. எங்க கம்பெனில ஒருத்தருக்கு இப்டித்தான் ஆரம்பிச்சது. போயிட்டாரு" என்றார். அடுத்த பத்து நாளும் நான் தூங்கவில்லை. எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் எடுத்தோம். ஒன்றும் இல்லை, தூசி ஒவ்வாமைதான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அவராகவே வந்தார்.

"நான் சொன்னது தப்பாப் போச்சு. ரொம்ப சந்தோசம் டீச்சர். பயமுறுத்திட்டேன், மன்னிச்சிக்குங்க" என்றார். நான் சமாதானமாகலாம் என்று வாயெடுப்பதற்குள், "அடுத்த வாட்டியும் சொல்லுவேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

மரம் நான்காம் வருடப் பங்குனியில் முதல் முறையாகப் பூத்தது. நாவல் பூவை அதுவரை நான் நின்று பார்த்ததில்லை. இலைகளுக்குக் கீழே, வெறும் கிளையில், கொத்துக் கொத்தாகப் பச்சை மொட்டு வந்தது. ஒரு நாள் காலை எல்லா மொட்டும் வெடித்து வெள்ளைப் பஞ்சாக நின்றன. கிட்டே போனால் இளசான தேன் வாசம். மரமே முணுமுணுப்பதுபோலத் தேனீக்களின் சத்தம். மதியத்துக்குள் மெல்லிய வெள்ளை இழைகளாக உதிர்ந்து, துணி தைத்த இடத்தில் நூல் சிதறிக் கிடப்பதுபோல் எங்கள் வாசல் வரை பரவிவிடும். நானும் அக்காவும் ஆளுக்கொரு விளக்குமாறோடு மதிலின் இரு பக்கமும் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள்.

"இந்தாளு முன்ன இப்டியெல்லாம் இல்ல டீச்சர். எதுன்னாலும் ஒரே வார்த்தைதான், 'ஒண்ணும் ஆவாது'. கொழந்தைக்கு ஜொரமா? ஒண்ணும் ஆவாது. கேஸு வாசன வருதா? ஒண்ணும் ஆவாது."

மரம் வைப்பதற்கு முந்திய வருடம் நடந்தது அது. அவருடைய பிரிவில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஒன்று இருந்தது. அச்சுக்கடியில் கை போனால் தானாக நிற்பதற்கு அதில், வேலை செய்யும்போது பச்சை விளக்கு எரியும் ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி மெஷினை நிறுத்திக்கொண்டே இருந்தது. சரக்கு அனுப்ப வேண்டிய அவசரத்தில் இவர் அதைக் கழற்றிவிடச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன ஒரு பெண், "அண்ணா, பச்சை லைட்டு எரியலயே?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆவாது, நீ ஓட்டு" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

அக்கா விளக்குமாற்றை மதிலில் சாய்த்துவிட்டு மீதியையும் சொன்னாள். சென்சாரைக் கழற்றியது அந்தப் பெண்தான் என்று கம்பெனியில் ஒரு பேப்பர் எழுதினார்கள். இவர் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அலட்சியம் என்று சொல்லி அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவள் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனாள். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

 அன்று சாயங்காலம் அவர் ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை எனக்கு. பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் போய் நின்று முன்னாடியே முன்னாடியே என்று சொல்லிக்கொண்டிருப்பவர் என்று இன்னொரு பக்கம்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மாலை அவர்கள் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி, கையில் பழக்கூடையோடு. மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போயிருக்கலாம், போகவில்லை.

"நீங்க ஏற்கெனவே கையெழுத்துப் போட்டதுதானே. அதையே கோர்ட்டுல வந்து சொன்னாப் போதும். ரெண்டு நிமிஷ வேலை" என்றார் அதிகாரி.

"முன்னாடியே சொல்லிடறேன் சார்" என்றார் இவர். "அந்தப் பேப்பர்ல இருக்கறது பொய்யி. தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. ஆனா என்னைக் கூட்டிக்கினு போயி நிக்கவெச்சிங்கன்னா, கழட்டச் சொன்னது நான்தான்னு சொல்லிடுவேன். என்னை நம்பிப் போயிட்டு அங்க நீங்க ஏமாந்து நிக்கக் கூடாது. அதான் இப்பவே சொல்றேன்."

அதிகாரி காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். "யோசிங்க. ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் மூணு வருஷந்தான் இருக்கு."

"நாலு சார்."

கார் போன பிறகு அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது. "உண்மையச் சொல்றதுன்னா சொல்லித் தொலை. அங்க போயி சொல்லக் கூடாதா? இவுங்களாண்ட எதுக்குய்யா முன்னாடியே சொல்ற?"  அவர் மரத்தின் பாத்தியில் குந்தி, மேலே வந்த களையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பத்து நாளில் கும்மிடிப்பூண்டியில் இருந்த கம்பெனியின் இன்னொரு ஆலைக்கு அவருக்கு மாற்றல் வந்தது. வேப்பம்பட்டிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை ஒரு ரயில், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு இன்னொரு ரயில், இறங்கி ஷேர் ஆட்டோ. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். நான்கு வருடம் அப்படியே போய் வந்தார். அக்காவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. சித்திரை வெயிலில் மரம் இலை சுருண்டு நிற்பதைப் பார்த்து, நான் எங்கள் வீட்டுக் குழாயிலிருந்து ஓஸ் மாட்டி மதில் மேலாகத் தண்ணீர் விட ஆரம்பித்தேன்.

கம்பெனிக்காரர்கள் அவரைச் சாட்சியாகக் கூப்பிடவே இல்லை. அத்தோடு அவர் பாட்டுக்கு இருந்திருக்கலாம். அவர் ஒரு நாள் லீவு போட்டு, அந்தப் பெண்ணின் வக்கீல் யார் என்று விசாரித்துக்கொண்டு போனார். கோர்ட்டுக்கு வந்து நானே சொல்கிறேன் என்றார். சாட்சி சொன்ன அன்று அக்காவும் கூடப் போயிருந்தாள். முதலில் ஏன் பொய்க்குக் கையெழுத்துப் போட்டாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மணி நேரம் கேட்டாராம். "பயந்துட்டேன் சார்" என்ற ஒரே பதிலைத்தான் இவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அந்தப் பெண் இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்தாள். ஒரு முறைகூட இவர் பக்கம் திரும்பவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, மெஷினில் இல்லை, சரக்கைப் பரிசோதிக்கும் இடத்தில். நான் ஒரு டப்பா மைசூர்பாகோடு போனேன். அவர் வாங்கி அக்காவிடம் கொடுத்தார். "வெரலு வரல இல்ல டீச்சர்" என்றார்.

அந்த வருடம்தான் எங்கள் சுவரில் கீழிருந்து ஒரு விரிசல் ஓடியது. அவரே சிமெண்டும் கரணையும் எடுத்துக்கொண்டு வந்தார். மதிலை ஒட்டி இரண்டடிப் பள்ளம் தோண்டி, எங்கள் பக்கம் வந்த வேரை மட்டும் அறுத்துவிட்டு, அது மறுபடி தாண்டாதபடி ஒரு தகரத்தை நிறுத்தி மூடினார். மரத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கேட்டேன். "இந்த வருசம் காய்ப்பு கம்மியாத்தான் இருக்கும்" என்றார். அப்படியே இருந்தது. அதற்கடுத்த வருடம் கிளை தாங்காமல் காய்த்தது.

அந்தக் காய்ப்பின்போது, ஆனி மாதம், ஒரு ஞாயிறு முற்பகல். அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். நான் ஒரு பேசினோடு அவர்கள் வீட்டில் நின்று பழம் பறித்துக்கொண்டிருந்தேன். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, நாலு வயதுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்து வந்தாள். அவர் ஸ்டூல் மேலிருந்து இறங்கினார். இறங்கியவர் ஸ்டூலைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

அவள் கைப்பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றை எடுத்தாள். கட்டைவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில் பிடித்து நீட்டினாள். இடையில் இரண்டு விரல்கள் இல்லை.

"பாப்பாவுக்குக் காது குத்தறோம்ணா. புட்லூராண்ட ஒரு மண்டபத்துல."

அவர் வாங்கிக்கொண்டார்.  எங்கள் தெரு முழுக்க எல்லாக் கெட்டதையும் முன்கூட்டியே சொல்லித் தீர்த்தவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா உள்ளேயிருந்து வந்து, யார் என்று தெரிந்ததும் நிலைப்படியிலேயே நின்றாள். குழந்தை மட்டும் பேசினைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ஒரு பழத்தைத் துடைத்துக் கொடுத்தேன்.

"கோவம் போயிடிச்சி, அதான் வந்திருக்கறேன்னு நெனச்சிக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். குரல் உயரவில்லை. "போவல. இதுக்குத் தல பின்றப்ப தெனமும் வருது. நான் கேட்டேனேண்ணா, லைட்டு எரியலன்னு. கேட்டேனா இல்லியா?"

"கேட்ட."

"ஆனா நீங்க அங்க வந்து சொன்னீங்க. அதுவும் மனசுல இருக்குது. ரெண்டும் இருக்குது. எது பெருசுன்னு எனக்கே தெரியல. பத்திரிக வெக்கணும்னு தோணிச்சி, வந்தேன்."

அவர் ஸ்டூலிலிருந்து கையை எடுத்தார். "நான் வந்தா உங்க ஊட்ல யாராச்சும் ஏதாச்சும் சொல்லப்போறாங்கம்மா."

"சொல்லுவாங்க. எங்க மாமியாரு கண்டிப்பா சொல்லும். கேட்டுக்கினுதான் ஒக்காரணும்."

"சரிம்மா" என்றார்.

அக்கா அப்போதுதான் இறங்கி வந்து, உள்ளே வந்து மோர் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். அவள் இன்னொரு நாள் என்றாள். குழந்தையின் நாக்கும் கன்னமும் கவுனும் ஊதாவாகியிருந்தன. ஒரு பை நிறையப் பழம் கட்டிக்கொடுத்தேன். அவர் கேட் வரை கூடப் போனார், கொஞ்சம் பின்தள்ளியே.

விசேஷத்தன்று காலை ஏழு மணிக்கே வெளுத்த வேட்டி, சட்டையோடு அவர் தயாராகிவிட்டார். அக்கா வரவில்லை என்றுவிட்டாள். முட்டிவலி என்று காரணம் சொன்னாள், அது மட்டும் காரணமில்லை. கேட்டை மூடிவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்தார். கூப்பிட்டால் நானும் கணவரும் போயிருப்போம். அவர் கூப்பிடவில்லை. ஒரு சின்னத் துணிப்பையோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

எனக்கு அன்று வீட்டு வேலை எதுவும் ஓடவில்லை. பகல் ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. மூன்றரைக்கு அவர் வந்தார். நேராக வீட்டுக்குள் போகாமல் மதில் அருகே வந்து நின்றார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. சட்டையில் சந்தனம் ஒட்டியிருந்தது.

"என்னண்ணா ஆச்சு?" என்றேன்.

"அந்த மாமியாருகாரம்மா எல்லாரு எதுர்லயும் கேட்டுடுச்சி. இந்தாளாலதான எம் மருமவ கை இப்டி ஆச்சுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாம்மா, என்னாலதான்னேன். வேற இன்னா சொல்றது?  அப்புறம் பந்திக்குக் கூப்ட்டாங்க. நானும் போயி ஒக்காந்தேன்."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்ட்டேன் டீச்சர். ரெண்டாவது வாட்டி சோறு கேட்டேன். பரிமாறற ஆளுங்க அந்தக் கோடில இருந்தாங்க. அந்தப் பொண்ணே வந்து கரண்டிய வாங்கி வெச்சா" என்றார். மதில் மேலிருந்த தன் இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "போதும்னு சொல்றதுக்குள்ள இன்னொரு கரண்டி வெச்சிட்டா."